மினசோட்டாவின் ஐந்தாவது தொகுதி: முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் இடத்தில் முஸ்லிம்கள் வெல்வது எப்படி?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாக ஒரு முஸ்லிமைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி, மினசோட்டா மாநிலத்தின் ஐந்தாவது தொகுதி. ஆண்டு 2006. அவர் பெயர் கீத் எல்லிசன். அவருக்குப் பிறகு 2018இல் அதே தொகுதி, சோமாலியாவில் பிறந்து அகதியாக வந்த, ஹிஜாப் அணிந்த இல்ஹான் உமரைத் தேர்ந்தெடுத்தது.

இதைக் கேட்டதும் நம்மில் பலர், "அங்கே முஸ்லிம்கள் அதிகம், அதனால் வென்றிருப்பார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். உமரை வெறுக்கும் அமெரிக்கர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது தவறு. அந்தத் தொகுதியில் பெரும்பான்மையினர் வெள்ளையர்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பின்னணி கொண்டவர்கள். அப்படியென்றால் அங்கே நடப்பதுதான் என்ன? விடையை அறிய அந்தத் தொகுதியின் நிலத்தையும் அது வாக்களித்த வரலாற்றையும் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

தொகுதி எப்படிப் பிறக்கிறது?

அமெரிக்காவில் 'காங்கிரஸ்' என்பது கட்சியின் பெயர் அல்ல, நாடாளுமன்றத்தின் பெயர். அதன் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தனை இடங்களுக்கும் தேர்தல் நடக்கும். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது மாறும். பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனக்குக் கிடைத்த இடங்களுக்கேற்ப எல்லைக் கோடுகளைப் புதிதாக வரைய வேண்டும்.

2020 கணக்கெடுப்பில் மினசோட்டாவின் மக்கள்தொகை 57,06,494. அந்த மாநிலம் தன் எட்டு இடங்களில் ஒன்றை இழந்துவிடும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் நாட்டின் 435ஆவது, அதாவது கடைசி இடம், மயிரிழையில் மினசோட்டாவுக்குப் போனது. நியூயார்க் மாநிலத்தில் இன்னும் 89 பேர் கூடுதலாகக் கணக்கில் வந்திருந்தால் அந்த இடம் நியூயார்க்குக்குப் போயிருக்கும்! கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது ஒரு வேலையா என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த 89ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தெருவில் வசிக்கும் குடும்பங்களைவிடக் குறைந்த எண்ணிக்கை அது.

எட்டு தொகுதிகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு தொகுதிக்குச் சுமார் 7.13 இலட்சம் மக்கள். தமிழகத்தின் சராசரி மக்களவைத் தொகுதியில் 2011 கணக்குப்படி சுமார் 18 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். அதாவது நம் தொகுதிகளில் பாதி அளவுகூட இல்லாத தொகுதி இது.

பல மாநிலங்களில் ஆளும் கட்சியே தனக்குச் சாதகமாகக் கோடுகளை வளைத்து வரைந்துகொள்ளும். மினசோட்டாவில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. அங்கே சட்டமன்றத்தில் கட்சிகள் உடன்படாமல் முட்டுக்கட்டை விழும். கடைசியில் நீதிமன்றம் வரையும். 2022இலும் மாநில உச்ச நீதிமன்றம் அமைத்த ஐந்து நீதிபதிகள் குழுதான் இன்றைய வரைபடத்தை வெளியிட்டது. ஐந்தாவது தொகுதி யாருக்காகவும் செதுக்கப்பட்ட தொகுதி அல்ல என்பதற்கு இது முக்கியமான சான்று. ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இயல்பாகச் சேர்ந்த தொகுதி அது.

ஆறும் அருவியும் ஆலைகளும்

அந்த நகரம் மினியாபொலிஸ். மிசிசிப்பி ஆறு தன் நெடும்பயணத்தில் பெரிய அருவியாக விழும் ஒரே இடம் இங்குள்ள செயின்ட் அந்தோணி அருவி. அந்த நீரின் விசையில் முதலில் மர அறுவை ஆலைகளும் பிறகு மாவு ஆலைகளும் எழுந்தன. 1880 முதல் 1930 வரை உலகின் மாவு அரைக்கும் தலைநகரம் என்று இந்நகரம் பெயர் பெற்றிருந்தது. நம் ஊர்க் கடைகளில் கோதுமை மாவுப் பைகளில் பார்க்கும் பில்ஸ்பரி என்ற பெயர் இந்த ஆற்றங்கரையில் பிறந்ததுதான்.

2020இல் மினியாபொலிஸ் நகரின் மக்கள்தொகை 4,29,954. தொகுதியின் மக்களில் சுமார் அறுபது சதவீதம் இந்த ஒரே நகரம். மீதம், நகரை ஒட்டிய சிற்றூர்கள்: மேற்கே செயின்ட் லூயிஸ் பார்க், கோல்டன் வேலி; வடமேற்கே கிறிஸ்டல், ராபின்ஸ்டேல், புரூக்ளின் சென்டர்; வடகிழக்கே கொலம்பியா ஹைட்ஸ்; தெற்கே ரிச்ஃபீல்டு. நகரத்தின் தென்மேற்கில் ஏரிகள் சூழ்ந்த வசதியான குடியிருப்புகள். வடக்கில் கறுப்பின மக்கள் நெடுங்காலமாக வாழும் உழைக்கும் வர்க்கப் பகுதி.

இந்தப் பிரிவு தானாக ஏற்பட்டதல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரின் ஆயிரக்கணக்கான வீட்டுப் பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கு இந்த வீட்டை விற்கக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. சிலவற்றில் யூதர்களுக்கும் தடை. அதனால் இரு சமூகங்களும் நகரின் வடபகுதியில் நெருக்கப்பட்டன. 1946இல் கேரி மெக்வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர், அமெரிக்காவில் யூத வெறுப்பின் தலைநகரம் என்று மினியாபொலிஸைக் குறிப்பிட்டார். பின்னாளில் யூதக் குடும்பங்கள் மேற்கே செயின்ட் லூயிஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்தன. இன்றும் அங்கே அவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். ஆக, முஸ்லிம்களும் யூதர்களும் ஒரே பிரதிநிதியின் கீழ் வரும் தொகுதி இது. காஸா பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இங்கே அனல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீடர் ரிவர்சைடு: ஒரு பேட்டை, பல தலைமுறை

தொகுதியின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல ஒரு பேட்டை போதும். ஆற்றின் மேற்குக் கரையில், பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கும் சீடர் ரிவர்சைடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் கையில் காசில்லாமல் வந்த மக்கள் முதலில் குடியேறியது இங்கேதான். ஆங்கிலம் தெரியாதவர்கள், புகையிலையை வாயில் அடக்கிக்கொள்பவர்கள் என்று அன்று அவர்களைக் கேலி செய்தார்கள். அந்தப் புகையிலையின் பெயராலேயே தெருவுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

1973இல் அங்கே ரிவர்சைடு பிளாசா என்ற அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. 1991இல் சோமாலிய அரசு சரிந்து உள்நாட்டுப் போர் மூண்டபின், அகதிகளாக வந்த சோமாலியர்கள் அந்தக் கோபுரங்களில் குடியேறத் தொடங்கினார்கள். வேலை கிடைத்தது, உறவினர்கள் பின்தொடர்ந்தார்கள், பள்ளிவாசல்களும் ஹலால் கடைகளும் வந்தன. இன்று அமெரிக்காவிலேயே அதிகமான சோமாலியர்கள் வாழும் மாநிலம் மினசோட்டா.

2020 ரமளானில், கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தபோது, இந்தப் பேட்டையின் தாருல் ஹிஜ்ரா பள்ளியிலிருந்து ஒலிபெருக்கியில் பாங்கு ஒலித்தது. 2023 ஏப்ரலில் மினியாபொலிஸ் மாநகர மன்றம், சுபுஹு உட்பட ஐவேளைப் பாங்கையும் ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதித்தது. அமெரிக்காவின் பெருநகரங்களில் இதுவே முதல்முறை. 13 பேர் கொண்ட அந்த மன்றத்தில் அப்போது முஸ்லிம்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் வாக்கும் சேர்ந்துதான் அது நிறைவேறியது.

வாக்களித்த வரலாறு

இந்தத் தொகுதி எப்போதுமே இடதுசாரிச் சாய்வு கொண்டதல்ல. 1943 முதல் 1963 வரை இருபது ஆண்டுகள் இதன் பிரதிநிதியாக இருந்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வால்டர் ஜட். சீனாவில் கிறிஸ்தவ மிஷனரி மருத்துவராகப் பணியாற்றியவர். கடும் கம்யூனிச எதிர்ப்பாளர்.

இதற்கிடையே மாநில அரசியல் மாறிக்கொண்டிருந்தது. 1944இல் ஜனநாயகக் கட்சியும், விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய ஃபார்மர் லேபர் கட்சியும் ஒன்றாக இணைந்தன. அந்த இணைந்த கட்சியைத்தான் மினசோட்டாவில் இன்றும் டிஎஃப்எல் என்கிறார்கள். அதன் முன்னணித் தலைவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி 1945இல் மினியாபொலிஸ் மேயரானார். வேலை வாய்ப்பில் இன, மதப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் நகரச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. யூத வெறுப்புக்குப் பெயர்போன நகரத்தில் அது சிறிய மாற்றமல்ல. அவர் பின்னாளில் அமெரிக்காவின் துணை அதிபரானார்.

1960 கணக்கெடுப்புக்குப் பின் மினசோட்டா ஓர் இடத்தை இழந்தது. தொகுதிகள் மாற்றி வரையப்பட்டன. 1962 தேர்தலில் டிஎஃப்எல் கட்சியின் டொனால்டு ஃபிரேசரிடம் வால்டர் ஜட் தோற்றார். அன்று முதல் இன்றுவரை குடியரசுக் கட்சி இந்தத் தொகுதியில் வென்றதே இல்லை. மனித உரிமைகளை மதிக்காத அரசுகளுக்கு அமெரிக்கா உதவி செய்யலாமா என்ற கேள்வியை 1970களில் நாடாளுமன்ற விசாரணைகள் மூலம் எழுப்பியவர் ஃபிரேசர். வெளியுறவுக் கொள்கையில் இந்தத் தொகுதி எதிர்க்குரல் எழுப்புவது உமரோடு தொடங்கிய பழக்கமல்ல.

அடுத்து 1979 முதல் 2007 வரை மார்ட்டின் சாபோ. நார்வே வம்சாவளிக் குடும்பம். சீடர் ரிவர்சைடில் உள்ள லூத்தரன் கல்லூரியில் படித்தவர். அமைதியானவர், விளம்பரம் நாடாதவர். 2006இல் அவர் ஓய்வை அறிவித்தபோது, 28 ஆண்டுகளுக்குப் பின் இடம் காலியானது.

2006: கதவு திறந்தது

கீத் எல்லிசன் டெட்ராய்ட்டில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 19 வயதில் கல்லூரி மாணவராக இருந்தபோது இஸ்லாத்தை ஏற்றவர். வழக்கறிஞர். நகரின் வடபகுதியிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வாகியிருந்தார். உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்தவர்களில் ஒருவர் சாபோவின் அலுவலகத் தலைமை அதிகாரியாக இருந்தவர். வாக்குகள் பலருக்கும் பிரிந்தன; சுமார் 41 சதவீதம் பெற்று எல்லிசன் வென்றார். நவம்பர் பொதுத்தேர்தலில் 56 சதவீதம்.

2007 ஜனவரியில் பதவியேற்பு நிகழ்ச்சிப் படத்துக்காக அவர் கைவைத்தது, அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பின் மீது. குர்ஆன் மீது கைவைத்துப் பதவியேற்பதா என்று கொதித்தவர்களுக்கு, அந்த நூல் உங்கள் தேசத் தந்தையின் அலமாரியிலேயே இருந்ததுதான் என்று சொல்லாமல் சொன்ன பதில் அது.

உண்மையான தேர்தல் நவம்பரில் நடப்பதில்லை

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் வேட்பாளரையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் உட்கட்சித் தேர்தல். மினசோட்டாவில் வாக்காளர் எந்தக் கட்சியிலும் தன்னைப் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. வாக்குச் சீட்டில் ஏதாவது ஒரு கட்சியின் பத்தியைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் மட்டும் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவரும் தேர்தல் நாளன்றே வாக்குச் சாவடியில் பதிவு செய்து வாக்களிக்கலாம். 1970களிலிருந்து இந்த வசதி இருக்கிறது. 2020இல் தகுதியுள்ளோரில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வாக்களித்த மாநிலம் இது.

ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில், அந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வெல்பவரே உண்மையில் உறுப்பினர். இப்போது அது ஆகஸ்டில் நடக்கிறது. கோடை விடுமுறைக் காலம். பலர் வாக்களிக்க வருவதில்லை. வருபவர்களின் கையில்தான் முடிவு.

2018இல் எல்லிசன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்குப் போட்டியிடச் சென்றார். அந்த இடத்துக்கு வந்தவர் இல்ஹான் உமர். சோமாலியாவிலிருந்து தப்பி, கென்யாவின் அகதி முகாமில் நான்கு ஆண்டுகள் கழித்து, 1995இல் அமெரிக்கா வந்த குடும்பம். 2016இல் 44 ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒருவரை உட்கட்சித் தேர்தலில் வென்று மாநிலச் சட்டமன்றம் சென்றவர். 2018 ஆகஸ்டில் 48 சதவீதம் பெற்று, மாநில அவையின் முன்னாள் சபாநாயகரைத் தோற்கடித்தார். நவம்பரில் 78 சதவீதம். சபைக்குள் தலையை மூடக்கூடாது என்று 1837இலிருந்து இருந்த விதி, 2019 ஜனவரியில் மத அடிப்படையிலான தலைத்துணிக்காகத் திருத்தப்பட்டது.

அதன் பிறகு நடந்த உட்கட்சித் தேர்தல்களைப் பாருங்கள். 2020இல், வெளியிலிருந்து பெரும் பணம் கொட்டப்பட்ட போட்டியில் உமருக்கு சுமார் 58 சதவீதம். 2022இல் முன்னாள் மாநகர மன்ற உறுப்பினர் டான் சாமுவேல்ஸ் எதிர்த்தபோது உமருக்கு 50.3, அவருக்கு 48.2. வித்தியாசம் வெறும் 2,466 வாக்குகள். ஏழு இலட்சம் மக்கள் வாழும் தொகுதியில் அன்று பதிவான வாக்குகள் சுமார் 1.15 இலட்சம்தான். மூன்று மாதம் கழித்து நவம்பரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வாக்களித்தார்கள். உமர் 74 சதவீதம் பெற்று எளிதாக வென்றார். நவம்பர் முடிவை மட்டும் பார்த்தவருக்கு, ஆகஸ்டில் அந்த இடம் கைநழுவப் பார்த்தது தெரியவே தெரியாது.

2022இல் ஏன் அவ்வளவு நெருக்கம்? 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரின் முழங்காலுக்கடியில் உயிரிழந்தது இதே தொகுதியின் தெருவில்தான். காவல்துறையைக் கலைத்துப் புதிய அமைப்பை உருவாக்கலாமா என்று 2021இல் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். உமர் மாற்றத்தை ஆதரித்தார், சாமுவேல்ஸ் எதிர்த்தார். அந்தக் கோபமும் அச்சமும்தான் உட்கட்சித் தேர்தலில் வெளிப்பட்டன. பிரச்சினை மதமல்ல, தெருவின் பாதுகாப்பு. 2024இல் அதே இருவரும் மோதினார்கள். பாடம் கற்ற உமர் தரப்பு வீடு வீடாகச் சென்று ஆள்திரட்டியது. 56க்கு 43 என்று வென்றது.

கணக்கு என்ன சொல்கிறது?

மினசோட்டா முழுவதிலும் உள்ள சோமாலியர்களின் எண்ணிக்கையே ஓர் இலட்சத்தை ஒட்டித்தான். அவர்களில் ஒரு பகுதியினரே இந்தத் தொகுதியில் வாழ்கிறார்கள். அதிலும் குழந்தைகள், இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் என்று கழித்தால் மிஞ்சும் வாக்குகளை வைத்து 7.13 இலட்சம் பேரின் தொகுதியை வெல்ல முடியாது.

வென்றது கூட்டணி. பல்கலைக்கழக மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், வடபகுதியின் கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர், வாடகை வீடுகளில் வாழும் இளைஞர்கள், இடதுசாரிச் சிந்தனை கொண்ட வெள்ளையர்கள். இவர்களோடு, எண்ணிக்கையில் சிறிதானாலும் ஆகஸ்டிலும் வாக்களிக்க வரும் சோமாலியக் குடும்பங்கள். வாடகை, கல்விக்கடன், மருத்துவச் செலவு போன்ற எல்லோருக்குமான பிரச்சினைகளைப் பேசியதால்தான் அந்தக் கூட்டணி நின்றது. 2,466 வாக்கில் முடியும் போட்டியில், ஒழுங்காக வாக்களிக்கும் ஒரு சிறு சமூகத்தின் எடை அதன் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு.

வெற்றியின் எல்லை

ஓர் இடத்தை வெல்வதால் எல்லாம் கைக்கு வந்துவிடாது. 2023 பிப்ரவரியில், குடியரசுக் கட்சியின் கைக்கு மாறிய சபை, 218க்கு 211 என்ற வாக்கில் உமரை வெளியுறவுக் குழுவிலிருந்து நீக்கியது. 2024 மார்ச்சில் நடந்த அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில், காஸா போரில் பைடன் அரசின் நிலையைக் கண்டித்து மினசோட்டாவில் சுமார் 19 சதவீதம் பேர், எவரையும் ஆதரிக்கவில்லை என்ற பொருள்தரும் பெட்டியில் முத்திரையிட்டார்கள். அது உலகம் முழுதும் செய்தியானது. ஆனால் கொள்கை மாறவில்லை.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் இதே தொகுதியில் பைடனுக்கு சுமார் 80 சதவீதம், உமருக்கு 64 சதவீதம். தன் கட்சியை ஆதரிக்கும் மக்களிலேயே ஒரு பகுதியினர் அவரை ஏற்கவில்லை. அவர்களைப் பகைவர் என்று ஒதுக்கிவிடாமல், அவர்களிடமும் பேச வேண்டிய நிலையில்தான் எந்தச் சிறுபான்மைப் பிரதிநிதியும் இருக்கிறார்.

சீடர் ரிவர்சைடில் ஒரு காலத்தில் கேலிக்கு ஆளான நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் மாநிலத்தை ஆளும் நிலைக்கு வர இரண்டு மூன்று தலைமுறை ஆனது. சோமாலியர்கள் ஒரே தலைமுறையில் நாடாளுமன்றம் வரை வந்திருக்கிறார்கள். கணக்கெடுப்பில் தவறாமல் பெயரைச் சேர்ப்பது, பிறர் வராத தேர்தலுக்கும் வாக்களிக்க வருவது, பக்கத்து வீட்டுக்காரரின் பிரச்சினையையும் தன் பிரச்சினையாகப் பேசுவது: அவர்களை அங்கே கொண்டுசேர்த்தவை இவைதான். இவை மூன்றையும் செய்ய எந்த ஊரிலும் பெரும்பான்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.